ரயில் பாதி வழியில் நின்றால்



பெங்களூரில் தமிழ் மக்கள் பல லட்சம் பேர் வாழ்கிறோம். சிலர் இங்கேயே பிறந்தவர்கள். சிலர் கட்டட வேலைக்கும், தையல் வேலைக்கும், வீட்டு வேலைக்கும் வந்தவர்கள். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா என்றால் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறுகிறோம்.

பெரும்பாலும் மாலையில் ஏறினால் காலையில் ஊர் வந்துவிடும். ஆனால் எப்போதாவது ரயில் பாதி வழியில் நின்றுவிடும். ஒரு மணி நேரம் அல்ல, இரண்டு மணி நேரம் அல்ல. ஒரு நாள், இரண்டு நாள் கூட நிற்கும். மழை, வெள்ளம், விபத்து, மறியல் என்று காரணங்கள் பல.

அப்போது என்ன செய்வது? இறங்குவதா, உட்கார்ந்திருப்பதா? யாரைக் கேட்பது? டிக்கெட் பணம் என்ன ஆகும்? உண்மையில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளை வைத்து இதைப் படிப்போம்.

ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பேய் மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. பெங்களூரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ அவ்வளவுதான். ஓர் ஆண்டு மழை ஒரே நாளில் கொட்டினால் எப்படி இருக்கும்? தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. குளங்கள் உடைந்தன.

அன்று இரவு 8.25 மணிக்குத் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்கு ஒரு ரயில் புறப்பட்டது. சுமார் 800 பேர் அதில் இருந்தார்கள். முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள், குழந்தைகள், வயதானவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

ரயில் சுமார் முப்பது கிலோமீட்டர் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றது. அதற்கு மேல் போகவில்லை. "ஏன் நிற்கிறது? எப்போது கிளம்பும்?" என்று எல்லாரும் கேட்டார்கள். சிலருக்குக் கோபமும் வந்திருக்கும். காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்குக் கவலை இருக்காதா?

ரயிலை ஏன் நிறுத்தினார்கள்?

தண்டவாளத்தின் அடியில் ஜல்லிக் கற்கள் கொட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அல்ல. தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளை அசையாமல் பிடித்து வைப்பது அந்த ஜல்லிதான். ரயிலின் எடையை மண்ணுக்குப் பரப்பிக் கொடுப்பதும் அதுதான். மழை நீரை வடிய விடுவதும் அதுதான்.

ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிப் போனால் செய்துங்கநல்லூர் வரும். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் வெள்ளம் ஜல்லியை அடித்துக்கொண்டு போய்விட்டது. அடியில் மண் இல்லை. தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

இருட்டில், மழையில், ஓட்டுநரின் கண்ணுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் ரயிலை உடனே நிறுத்த முடியாது. வேகமாக ஓடும் ரயில் நிற்பதற்குப் பல நூறு மீட்டர் தூரம் வேண்டும். அந்த ரயில் மேலே போயிருந்தால் கவிழ்ந்திருக்கும்.

தகவல் சரியான நேரத்தில் வந்தது. ஸ்டேஷனில் இருந்தவர்கள் ரயிலைப் போகவிடவில்லை. 800 உயிர்கள் பிழைத்தன.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது ஒன்று உண்டு. ரயில் நின்றால் நமக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் பல நேரங்களில் ரயில் நிற்பதே நம்மைக் காப்பாற்றத்தான்.

இரண்டு இரவுகள்

விடிந்ததும் பார்த்தால் சுற்றிலும் தண்ணீர். பயணிகளில் சுமார் 300 பேரை அருகில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அதற்குள் சாலையும் துண்டிக்கப்பட்டது. மீதிச் சுமார் 500 பேர் ஸ்டேஷனிலும் ரயில் பெட்டியிலும் தங்கினார்கள். மின்சாரம் இல்லை. பல இடங்களில் செல்போனும் வேலை செய்யவில்லை. கையில் இருந்த தின்பண்டம் தீர்ந்துபோனது.

அப்போது உதவிக்கு வந்தவர்கள் யார்? பக்கத்தில் இருக்கும் புதுக்குடி மக்கள். அவர்களுக்கும் வெள்ளத்தால் கஷ்டம்தான். ஆனாலும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து பொதுவில் சமைத்துப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். நீ எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. பசி ஒன்றுதான் தெரிந்தது.

19ஆம் தேதி தேசிய பேரிடர் மீட்புப் படையினர் வந்து சேர்ந்தார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்களும் வந்தன. பயணிகளைப் பத்திரமாக நடத்தி அழைத்துப் போய்ப் பேருந்துகளில் ஏற்றினார்கள். பேருந்துகள் வாஞ்சி மணியாச்சி ஸ்டேஷனுக்குப் போயின. பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிறவர்களுக்கு இந்த ஸ்டேஷன் நன்றாகத் தெரியும். அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

சேர்ந்து இருந்தார்கள். அவசரப்பட்டு வெள்ளத்தில் இறங்கவில்லை. அதனால் பிழைத்தார்கள்.

அவசரம் உயிரை வாங்கியது

இரண்டாவது நிகழ்ச்சி துயரமானது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி. மகாராஷ்டிர மாநிலம், ஜல்காவ் மாவட்டம். லக்னோவிலிருந்து மும்பைக்குப் போன புஷ்பக் எக்ஸ்பிரஸ் ரயிலில் "தீ! தீ!" என்று ஒரு வதந்தி பரவியது. யாரோ அபாயச் சங்கிலியை இழுத்தார்கள். ரயில் நின்றது. பயந்துபோன பலர் பக்கத்துத் தண்டவாளத்தில் குதித்து இறங்கினார்கள்.

அதே நேரத்தில் அந்தத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் வந்தது. அது நம் பெங்களூரிலிருந்து டில்லிக்குப் போகும் கர்நாடகா எக்ஸ்பிரஸ். இறங்கி நின்றவர்கள் மேல் மோதியது. பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள்.

ரயிலுக்குள்ளேயே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே, நின்ற ரயிலிலிருந்து நாமாக இறங்கித் தண்டவாளத்தில் நிற்கக் கூடாது. ஒரு தண்டவாளத்தில் ரயில் நின்றால் பக்கத்துத் தண்டவாளத்திலும் ரயில் வராது என்று நினைக்கக் கூடாது. மின்சார ரயில் சத்தம் குறைவாகவே வரும். பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

"உண்மையிலேயே தீப்பிடித்தால்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தீயோ புகையோ கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் அடுத்த பெட்டிக்கு நடந்து போங்கள். பெட்டிகளுக்கு நடுவில் வழி இருக்கும். வழி இல்லை என்றால்தான் இறங்க வேண்டும். இறங்கும்போது பக்கத்தில் தண்டவாளம் இல்லாத பக்கமாக இறங்குங்கள். இறங்கியதும் தண்டவாளத்தை விட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள். மூட்டையை எடுக்க நிற்காதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் கம்பி இல்லாத அவசர ஜன்னல் இருக்கும். சிவப்பு நிறத்தில் எழுதியிருப்பார்கள். ரயில் ஏறியதும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

கவரைப்பேட்டையில் ஓர் இரவு

மூன்றாவது நிகழ்ச்சி 2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி நடந்தது. மைசூரிலிருந்து பெங்களூர் வழியாகப் பீகாரில் உள்ள தர்பங்காவுக்குப் போகும் ரயில் அது. பாக்மதி எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஊருக்குத் திரும்பும் வடநாட்டுத் தொழிலாளர்கள் பலர் போகும் ரயில்.

இரவு 8.30 மணி அளவில், சென்னைக்கு வடக்கே கவரைப்பேட்டையில், நின்றிருந்த சரக்கு ரயில் மீது அது மோதியது. பல பெட்டிகள் தடம் புரண்டன. பலர் காயம் அடைந்தார்கள். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருட்டில் நின்றார்கள். பலருக்குத் தமிழ் தெரியாது. இங்கே இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. ஊர் மக்களும், தீயணைப்புப் படையினரும், காவல் துறையினரும் கைகொடுத்தார்கள். காயம் அடைந்தவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்களைப் பேருந்தில் பொன்னேரிக்கும், அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரலுக்கும் அழைத்துப் போனார்கள். அங்கே உணவும் தண்ணீரும் கொடுத்தார்கள். விடியற்காலை 4.45 மணிக்கு வேறு ஒரு ரயில் அவர்களை ஏற்றிக்கொண்டு தர்பங்காவுக்குப் புறப்பட்டது.

இதற்குத் தனியாக டிக்கெட் வாங்கவில்லை. தங்கள் டிக்கெட்டிலேயே ஊர் போனார்கள். அது ரயில்வேயின் கடமை. பயணியின் உரிமை.

டிக்கெட் ஓர் உரிமைச் சீட்டு

ரயில் நின்றுவிட்டால் "பணம் போச்சே" என்று பலர் டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முன்பதிவு செய்த டிக்கெட்டுக்கு விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

கேள்வி: நான் ஏற வேண்டிய ரயிலையே ரத்து செய்துவிட்டார்கள். பணம் கிடைக்குமா?
பதில்: முழுப் பணமும் கிடைக்கும். கவுண்டரில் வாங்கிய டிக்கெட் என்றால் மூன்று நாளுக்குள் கவுண்டரில் கொடுத்து வாங்க வேண்டும். இணையத்தில் எடுத்த டிக்கெட் என்றால் பணம் தானாகவே திரும்பிவிடும்.

கேள்வி: ரயில் தாமதமாக வருகிறது. எனக்குக் காத்திருக்க முடியாது.
பதில்: நீங்கள் ஏறும் ஸ்டேஷனுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக வந்தால் பயணத்தைக் கைவிடலாம். முழுப் பணமும் கிடைக்கும். ஆனால் ரயில் உங்கள் ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் முன்பே டிக்கெட்டைக் கொடுத்துவிட வேண்டும். இணைய டிக்கெட் என்றால் அதற்குள் இணையத்தில் பதிய வேண்டும்.

கேள்வி: பாதி வழியில் வெள்ளத்தால் ரயில் நின்றுவிட்டது. மேலே போகவில்லை.
பதில்: ரயில்வே வேறு ரயிலோ பேருந்தோ ஏற்பாடு செய்து உங்களைக் கொண்டுசேர்க்க வேண்டும். அப்படிச் செய்ய முடியாவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பாதி தூரம் வந்திருந்தாலும் முழுக் கட்டணம்தான்.

கேள்வி: ரயில்வே ஏற்பாடு செய்தது. ஆனால் நான் என் சொந்தச் செலவில் போய்விட்டேன்.
பதில்: நீங்கள் ரயிலில் வராத தூரத்துக்கு மட்டும் பணம் கிடைக்கும். பயணம் நின்ற ஸ்டேஷனில் டிக்கெட்டைக் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் ஒரு தம்பி டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். பணம் யாருக்கு வரும்?
பதில்: அவர் எந்தக் கணக்கிலிருந்து பணம் கட்டினாரோ அந்தக் கணக்குக்குத்தான் வரும். அவரிடம் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றும் செய்யுங்கள். டிக்கெட் எடுக்கும்போது உங்கள் செல்போன் எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். ரயில் ரத்தானால் அந்த எண்ணுக்குத்தான் செய்தி வரும். கடைக்காரர் எண்ணைக் கொடுத்தால் செய்தி அவருக்குப் போகும். நீங்கள் ஸ்டேஷனில் வந்து நிற்பீர்கள்.

விதிகள் அவ்வப்போது மாறலாம். சந்தேகம் வந்தால் 139 என்ற எண்ணில் கேளுங்கள். இது ரயில்வே உதவி எண். இந்தியா முழுவதும் ஒரே எண். 1 என்ற பொத்தானை அழுத்தினால் பாதுகாப்புக்கும் மருத்துவ உதவிக்கும் இணைப்பு கிடைக்கும்.

எண் எல்லா மொழிக்கும் பொது

பெங்களூர் ஸ்டேஷன்களில் கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் பலகைகள் இருக்கின்றன. "எனக்குத் தமிழ்தானே படிக்கத் தெரியும்!" என்று தயங்காதீர்கள். உங்களுக்கு எண்கள் தெரியும். எண்கள் எல்லா மொழிக்கும் பொது.

ஒவ்வொரு ரயிலுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. டிக்கெட்டில் அந்த எண் இருக்கும். ஸ்டேஷனில் ஒளிரும் பலகையிலும் அதே எண் வரும். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். ரயில் எந்த மேடைக்கு வரும், எவ்வளவு தாமதம் என்பதும் எண்ணில்தான் இருக்கும்.

டிக்கெட்டில் பி.என்.ஆர். என்று ஒரு பத்து இலக்க எண் இருக்கும். அது உங்கள் பயணத்தின் அடையாள எண். 139இல் பேசும்போது இந்த எண்ணைக் கேட்பார்கள்.

பெங்களூரில் வெளியூர் ரயில்கள் ஒரே ஸ்டேஷனிலிருந்து கிளம்புவதில்லை. மெஜஸ்டிக்கில் உள்ள கே.எஸ்.ஆர். ஸ்டேஷன் ஒன்று. யஷ்வந்த்பூர் ஒன்று. பையப்பனஹள்ளியில் உள்ள விஸ்வேஸ்வரய்யா முனையம் ஒன்று. இந்த முனையம் 2022இல் திறந்தது. எந்த ஸ்டேஷன் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மழை, விபத்து நேரங்களில் ரயில் கிளம்பும் இடமே மாறலாம். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் 139இல் ஒரு முறை கேட்பது நல்லது.

பையில் ஒரு தாள்

ஸ்ரீவைகுண்டத்தில் செல்போன் வேலை செய்யவில்லை என்று படித்தோம். மின்சாரம் இல்லாவிட்டால் சார்ஜ் போட முடியாது. போன் அணைந்தால் அதில் உள்ள எண்களும் அணைந்துவிடும். மகன் எண், அண்ணன் எண் எதுவும் நமக்கு மனப்பாடம் இல்லை.

ஆனால் காகிதம் அணையாது. ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

உங்கள் பெயர்.
பெங்களூரில் ஒருவர் பெயர், செல்போன் எண்.
ஊரில் ஒருவர் பெயர், செல்போன் எண்.
ரயில் எண், பி.என்.ஆர். எண்.
உங்களுக்கு உள்ள நோய், சாப்பிடும் மாத்திரையின் பெயர்.

இதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வையுங்கள். சின்னக் குழந்தை கூட வந்தால் அதன் சட்டைப் பையிலும் ஒரு சீட்டு வையுங்கள். கூட்டத்தில் குழந்தை தவறினால் அந்தச் சீட்டு அதை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதபோது இதற்கு இன்னொருவரைத் தேடியிருப்போம். இப்போது நாமே எழுதலாம்.

பையில் வேறு என்ன வேண்டும்? இரண்டு பாட்டில் தண்ணீர். அவல், பொரிகடலை, கடலை மிட்டாய் போலக் கெடாத தின்பண்டம். இரண்டு நாளுக்கு அதிகமாக மாத்திரை. சிறிய டார்ச் விளக்கு. கொஞ்சம் சில்லறைப் பணம். போன் அணைந்தால் போனில் உள்ள பணமும் உதவாது.

நின்ற ரயிலில் நாம் செய்ய வேண்டியவை

1. என்ன காரணம் என்று டிக்கெட் பரிசோதகரிடமோ ஸ்டேஷன் மாஸ்டரிடமோ கேளுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதை எல்லாம் நம்பாதீர்கள். வதந்தியைப் பரப்பாதீர்கள்.
2. தண்டவாளத்தில் இறங்காதீர்கள். வெள்ளத்தில் நடக்காதீர்கள்.
3. வீட்டுக்கு ஒரு முறை தகவல் சொல்லுங்கள். பிறகு போனை அணைத்துச் சார்ஜைச் சேமியுங்கள்.
4. தண்ணீரையும் உணவையும் சிக்கனமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், நோயாளிகளுக்கும் முதலில் கொடுங்கள்.
5. உங்கள் பெட்டியில் உள்ளவர்கள் சேர்ந்து இருங்கள். மருத்துவ உதவி வேண்டியவர் யார் என்று பட்டியல் எழுதி அதிகாரியிடம் கொடுங்கள்.
6. வேறு பேருந்துக்கோ ரயிலுக்கோ அழைத்தால் யார் அழைக்கிறார்கள் என்று பார்த்து, எல்லாரோடும் சேர்ந்து போங்கள். தனியாகப் போகாதீர்கள்.
7. டிக்கெட்டைக் கடைசி வரை பத்திரமாக வையுங்கள்.

ரயில் நம் வீட்டுப் பக்கத்தில் நின்றால் என்ன செய்வது? புதுக்குடி மக்கள் செய்ததைச் செய்வோம். ஒரு குடம் தண்ணீர், ஒரு பானைச் சோறு கொண்டுபோவோம். இன்று அவர்கள், நாளை நாம்.

சொல் அறிவோம்

தடம் புரளுதல் – ரயில் தண்டவாளத்தை விட்டு விலகுதல்
வதந்தி – உண்மையா என்று தெரியாமல் பரவும் பேச்சு
அந்தரம் – கீழே பிடிப்பு இல்லாத நிலை
முன்பதிவு – பயணத்துக்கு முன்பே இடம் பிடித்து வைத்தல்

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலை ஏன் நிறுத்தினார்கள்?
2. தண்டவாளத்தின் அடியில் உள்ள ஜல்லி என்ன வேலை செய்கிறது?
3. பெட்டியில் தீ தெரிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. ரயில்வே உதவி எண் ________.
2. ரயில் எண்ணில் ________ இலக்கங்கள் உண்டு.
3. ஏறும் ஸ்டேஷனுக்கு ரயில் ________ மணி நேரத்துக்கும் மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணம் பெறலாம்.

இ. கலந்து பேசுங்கள்.
உங்களில் யாராவது வழியில் சிக்கிக்கொண்டது உண்டா? அப்போது யார் உதவினார்கள்?

ஈ. செய்து பாருங்கள்.
'பையில் ஒரு தாள்' பகுதியில் சொன்னபடி உங்கள் தாளை இன்றே எழுதுங்கள். அடுத்த வகுப்புக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுங்கள்.